நொலீன் சுரண்டிய எட்டு மரங்கள்

நொலீன் டிரீனோடு ஒரே வண்டியில் பதினைந்து வருடமாகக் காட்டுக்குப் போகிறவன் நான். வண்டி ஓட்டுவதும், விழுந்த கிளைகளை அறுத்துப் பாதையைத் திறப்பதும் என் வேலை. மரத்தை அளப்பது அவள் வேலை. ஒருமுறை அவள் காய்ச்சலில் கிடந்தபோது, உதவியாக இருக்கட்டுமே என்று நான்கு மரங்களை நானே அளந்து எழுதி வைத்தேன். திரும்பி வந்ததும் அந்த நான்கு வரிகளையும் ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி அளந்தாள். மூன்று மரங்களில் நான் எழுதிய அதே எண்தான் வந்தது.

"ஏதோ தற்செயலா வந்துருக்கு கிளெம்," என்றாள். "இனிமே தொடாதே."

எங்கள் சின்ன ஊரான ஜீவ்ஸ்டனுக்கு மேற்கே மலைச்சரிவில் இருக்கிறது அந்த இடம். அளவுக் காடு என்று எங்களுக்குள் சொல்வோம். அறுபத்து நான்கு யூகலிப்டஸ் மரங்கள். சிலது எண்பது மீட்டருக்கு மேல். அண்ணாந்து உச்சியைப் பார்த்தால் தலையிலிருக்கும் ஹெல்மெட் பின்னால் விழும். ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் மெல்லிய எஃகுப் பட்டி ஒன்று சுற்றியிருக்கும். அதன் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். மரம் பருத்தால் முனைகளுக்கு நடுவே இடைவெளி கூடும். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை அந்த இடைவெளியைக் காலிப்பர் என்ற அளவு இடுக்கியால் அளந்து, மழையில் நனையாத மஞ்சள் புத்தகத்தில் பென்சிலால் எழுத வேண்டும். நொலீன் இதைப் பத்தொன்பது வருடம் செய்தாள். அதற்கு முன்னால் ஆப்பிள் கொட்டகையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள்.

மரங்களுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. அலுமினியத் தகட்டிலிருந்த எண்தான். ஆனால் அந்த எண்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலப் பேசுவாள். "நாப்பத்தொண்ணு இந்த வசந்தத்துல சோம்பேறியா கெடக்கு." "ஏழு இருக்கே, அது எப்பவும் மத்ததுக்கு ரெண்டு வாரம் முந்திக்கும்." விஞ்ஞானிகள் வருவார்கள், மஞ்சள் புத்தகங்களைப் படமெடுத்துக்கொள்வார்கள், அவளிடம் பத்துக் கேள்வி கேட்பார்கள், போய்விடுவார்கள். அவர்கள் மீது அவளுக்கு எந்தக் கோபமும் கிடையாது. கேள்வி கேட்கிறவர்களை யாருக்குத்தான் பிடிக்காது?

டாம்சின் ஆர்ச்சர்ட் வந்தது அக்டோபரில். முப்பத்தொரு வயது, மரங்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிய விஞ்ஞானி. ஹோபார்ட் நகரத்திலிருந்து ஒரு பழைய வேனில், பின்சீட் முழுக்கப் பெட்டிகளோடு வந்து இறங்கினாள். பெட்டிகளுக்குள் விரல் நீளத்தில் முப்பத்திரண்டு சின்னக் கருவிகள். மரத்தின் கட்டையில் திருகிவிட்டால், அதன் ஊசிமுனை பட்டையைத் தொட்டபடி நிற்கும். மரம் ஒரு முடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு வீங்கினாலும் அதற்குத் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே எழுதிக்கொள்ளும்.

மூன்று வாரம் கழித்து, வண்டியின் பானெட் மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து எங்களைக் கூப்பிட்டாள்.

"இது உங்க ஏழாம் நம்பர் மரம். மூணு நாளோட கோடு. விடியுறப்ப உச்சத்துல இருக்கு பாருங்க. வெயில் ஏற ஏற இளைக்குது. சாயங்காலம் இலையெல்லாம் அடங்குனதும் வேர்லேருந்து தண்ணி ஏறி மறுபடி வீங்குது. தெனமும் இதேதான்."

கோடு மூச்சு விடுகிற நெஞ்சைப் போல ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. எனக்கு வாய் பிளந்துவிட்டது. நான் நொலீனைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டிய டாம்சினின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ஆர்வ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். நொலீன் சொன்னாள்: "பத்தொம்பது வருஷம், கிளெம். நான் காலைல ஒம்பது மணிக்குப் போயி அளந்தேன். எப்பவும் ஒம்பது மணிக்கு. ஏன்னு நானும் கேக்கல, எவனும் சொல்லல."

"உனக்குக் கருவி குடுக்கல. குடுத்திருந்தா நீயும் பாத்திருப்ப."

"அவ வந்து மூணு வாரம்தான் ஆச்சு," என்றாள். அதற்குப் பிறகு வீடு வரை ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தாள்.

அன்றிலிருந்து டாம்சின் அவளுக்கு 'டாக்டரம்மா' ஆகிவிட்டாள். நேரில் இல்லை, என்னிடம் மட்டும். டாக்டரம்மா பூட்ஸ் புதுசு. டாக்டரம்மாவுக்கு அட்டைப்பூச்சி என்றால் பயமில்லையாம், அதைச் சொல்லிக் காட்டவேண்டுமா. டாக்டரம்மா எலுமிச்சைக் கேக் சுட்டுக்கொண்டு வந்தாள். எல்லோரும் இரண்டு துண்டு தின்றார்கள். நொலீன் தன் பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரித்தாள். அவள் கணவன் கார்த் செர்ரித் தோட்டம் வைத்திருப்பவன், அதிகம் பேசாதவன். அவன்கூட ஒருநாள் வாசலில் டாம்சினோடு அரைமணி நேரம் வேர்ப்பூஞ்சையைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட கல்யாண நாள்லகூட அரைமணி பேசுனதில்ல அந்த மனுஷன்," என்றாள் நொலீன். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

உண்மையைச் சொல்லவேண்டும்: டாம்சின் நல்ல பெண். தலைக்கனம் கிடையாது. கருவி பொருத்துவதற்கு முன்னால், ஊசி தொடும் இடத்தில் செத்த பட்டையைச் சுரண்டி எடுக்க வேண்டும். உள்ளே ஈரமாக, வெளிறிய பச்சையில் உயிர்ப்பட்டை தெரிகிறவரைக்கும். ஒரு மயிரிழை அதிகமானால் மரத்துக்குக் காயம். குறைந்தால் கருவி அளப்பது மரத்தை அல்ல, மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த பட்டைச் சருகை. அந்த வேலையை டாம்சின் நொலீனிடம்தான் கொடுத்தாள்.

"என்னோட கைய நான் நம்பமாட்டேன். உங்க கைய நம்புறேன்," என்றாள்.

முதல் இருபத்து நான்கு மரங்களுக்கு நொலீன் செய்த வேலை கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. உளியை வெண்ணெயில் இழுப்பதுபோல இழுத்தாள். பொறாமை இருந்தாலும் கை பொய் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒருநாள், மேட்டு விளிம்பிலிருந்த கடைசி எட்டு மரங்கள்தான் பாக்கி. அன்று வெளிநாட்டிலிருந்து ஆறு பேர் பார்க்க வந்திருந்தார்கள். இதற்கு முன்னெல்லாம் வருகிறவர்களை நொலீன்தான் அழைத்துப் போவாள். அன்று டாம்சின் பேசினாள். நாங்கள் கொஞ்சம் தள்ளி, ஐம்பத்தெட்டாம் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தோம்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு வாரத்துக்கு ஒரு அளவுதான் இருந்துச்சு," என்று டாம்சின் அவர்களிடம் சொல்வது கேட்டது. "கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாக்குற மாதிரி."

அவள் எந்தக் கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. ஆனால் நொலீனின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். உளியை எடுத்தாள். ஐம்பத்தெட்டில் நான்கு இழுப்பு இழுத்தாள். நிறுத்தினாள்.

"இன்னும் பழுப்பாத்தானே இருக்கு?" என்றேன் நான். "பச்சை தெரியலையே?"

"உனக்கென்ன தெரியும்? வண்டிய ஓட்டு."

எட்டு மரத்துக்கும் அப்படித்தான். நான்கு இழுப்பு, ஐந்து இழுப்பு. டாம்சின் வந்து கருவிகளைத் திருகினாள். சுரண்டியது நொலீன் என்பதால் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி எங்கள் பக்கம் கோடை; அதன் முதல் வாரத்தில் வெயில் வந்தது. மூன்று நாள் தொடர்ந்து முப்பத்தொன்பது டிகிரி. எங்கள் பள்ளத்தாக்குக்கு அது வெயில் இல்லை, அடுப்பு. கார்த்தின் செர்ரி இலைகள் ஓரம் கருகின. காட்டில் பறவைச் சத்தமே இல்லை. நான்காம் நாள் டாம்சின் ஓடி வந்து டேப்லெட்டை நீட்டினாள். கீழ்ச்சரிவு மரங்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இளைத்திருந்தன. மேட்டு விளிம்பின் எட்டு மரங்களோ அதைப்போல மூன்று மடங்கு.

"பாத்தீங்களா? மேட்டுல மண் ஆழம் கம்மி. அதுங்க உடம்புல சேத்து வச்ச தண்ணியெல்லாம் காலி பண்ணிட்டு நிக்குதுங்க. இன்னும் ரெண்டு டிகிரி ஏறுனா இந்தக் காடு மேலேருந்துதான் சாகும், நொலீன். இத யாருமே அளந்ததில்ல!"

அவள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷமா, பயமா, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நொலீன் "அப்படியா" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு காலை லேசான தூறல். பத்து நிமிடம்கூட இல்லை, மண்ணே நனையவில்லை. நொலீன் டேப்லெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். எட்டு மரங்களின் கோடுகளும் சட்டென்று மேலேறியிருந்தன. மற்றவை அசையவில்லை.

"வேருக்குத் தண்ணியே போகல," என்றாள் மெதுவாக. "அப்புறம் எப்படி வீங்கும்?"

அன்று டாம்சின் டேப்லெட்டை எங்களிடம் விட்டுவிட்டு ஹோபார்ட் போய்விட்டாள். நாங்கள் இருவர்தான். நொலீன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழ்ச்சரிவின் பன்னிரண்டாம் மரத்துக்குப் போய், ஊசி தொடும் இடத்தில் அரைப் பாட்டிலைச் சாய்த்தாள். மீதியை மேலே ஐம்பத்தெட்டில் ஊற்றினாள். உட்கார்ந்து டீ குடித்தோம். இருபது நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டின் கோடு தன் பாட்டுக்குப் போனது. ஐம்பத்தெட்டின் கோடு துள்ளி எழுந்து நின்றது.

செத்த பட்டை. காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் ஊதும், கதவுப் பலகைபோல. மரத்தின் தாகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாம்சின் பார்த்து அழுதது நொலீன் விட்டுவைத்த சருகைத்தான்.

நொலீன் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"கண்ண மூடிக்கிட்டுத் தடவுறது யாருன்னு இப்பப் பாப்போம்," என்றாள்.

"சொல்லிடு நொலீன்."

"நீ சொல்லுவியா?"

நான் சொல்லவில்லை. பதினோரு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது சரியென்று இன்றும் நான் சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். அவளைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. முன்பைவிடக் கலகலப்பாக இருந்தாள். டாம்சினின் கேக்கைத் தின்றாள். கட்டுரை எந்த அளவில் இருக்கிறது என்று அவளாகவே விசாரித்தாள். மார்ச் கடைசியில் ஹோபார்ட்டில் பெரிய கூட்டம், நாற்பது நாட்டிலிருந்து காட்டு விஞ்ஞானிகள். டாம்சின் அங்கே மேடையேறி அந்த எட்டு மரங்களைக் காட்டப்போகிறாள். யாராவது ஒரு கிழவர் எழுந்து "பட்டையை ஒழுங்காகச் சுரண்டினீர்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை நொலீன் வண்டியில் எனக்கு நடித்தே காட்டினாள், குரலை மாற்றி, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடுவது போல.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது டாம்சின் கட்டுரையின் முதல் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து நொலீனிடம் நீட்டினாள்.

தலைப்பு. அதற்குக் கீழே பெயர்கள். முதலில் டாம்சின் ஆர்ச்சர்ட். இரண்டாவதாக நொலீன் டிரீன்.

"தப்பா இருக்கு," என்றாள் நொலீன். "என் பேரு கடைசிப் பக்கத்துல நன்றி சொல்ற எடத்துல வரும்."

"இல்ல. உங்க பத்தொம்பது வருஷம் இல்லாட்டி எந்த மரம் எப்படின்னு எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. எங்க ஆளுங்ககிட்ட சண்ட போட்டுத்தான் போட்டேன். நீங்களும் மேடைக்கு வரணும்."

நொலீன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு நான் செர்ரிப் பெட்டிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கார்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தான்.

"கிளெம், பாத்தியா இத? என் பொண்டாட்டி பேரு! கிளப்புல எல்லாருக்கும் காட்டப் போறேன்."

"எங்கயும் கொண்டு போகாதே," என்றாள் நொலீன். "வை கீழ."

"ஏன்?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை நிறுத்தாமலே வெளியே போய்விட்டாள். கார்த்தான் நிறுத்தினான்.

மறுநாள் வண்டியில் ஏறியதும் சொன்னாள், "அவ விழுந்தா நானும் சேந்து விழுவேன்னு பயப்படுறேன்னுதானே நெனைக்கிற? அது இல்ல கிளெம். எம்பேரு அவ பேருக்குக் கீழ இருக்கறதப் பாத்ததும் மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? ஏன் ரெண்டாவதுன்னு தோணுச்சு. சருக அளந்து எழுதுன ஒரு காகிதம். அதுலகூட நான் மொதல்ல இருக்கணுமாம்." வெளியே பார்த்தாள். "எனக்கே அசிங்கமாப் போச்சு."

டாம்சின் காட்டில் காத்திருந்தாள். நொலீன் இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டில் ஊற்றினாள், ஐம்பத்தெட்டில் ஊற்றினாள். "கோட்டப் பாத்துக்கிட்டே இரு," என்றாள். மூவரும் நின்றோம். அந்த இருபது நிமிடம்போல நீளமான இருபது நிமிடம் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

ஐம்பத்தெட்டின் கோடு மட்டும் எழுந்தது. டாம்சின் அந்த மரத்தின் முன்னால் மண்டியிட்டு, கருவியின் முனைக்கடியில் நகத்தால் கீறினாள். பழுப்புத் தூள் உதிர்ந்தது.

"எட்டுமா?"

"எட்டும்."

"எப்பலேருந்து தெரியும்?"

"தூறல் விழுந்த அன்னிக்கு நிச்சயமாச்சு. ஆனா சுரண்டுறப்பவே தெரியும்."

"ஏன்?"

"பொறாமை," என்றாள் நொலீன். "வேற நல்ல பேரு ஒண்ணும் அதுக்கு இல்ல. நீ வந்து மூணு வாரத்துல பாத்தத நான் பத்தொம்பது வருஷமாப் பாக்கல. அத நீ எல்லாருக்கும் காட்டுன. கண்ண மூடிக்கிட்டுத் தடவுனேன்னு வேற சொன்ன."

டாம்சினின் முகம் வெளுத்துவிட்டது. "அத உங்களச் சொல்லல. அந்தப் பட்டியச் சொன்னேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"என்னைத் திட்டியிருக்கலாமே! மூஞ்சிக்கு நேரா திட்டியிருக்கலாம். மரத்துமேல ஏன் காட்டுனீங்க?" குரல் உடைந்தது. "இந்த மேடு சாகப்போகுதுன்னு நான் ராத்திரி தூங்கல தெரியுமா?"

வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து இறங்கினாள். கண் வீங்கியிருந்தது. நொலீனைப் பார்க்காமல் சொன்னாள்: "கீழ ஒரு நல்ல மரத்துலயும் தண்ணி ஊத்திப் பாத்தீங்க இல்ல? ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும்னு யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் இல்ல."

"என் மாணவங்களுக்கே அது தோணாது," என்றாள் டாம்சின். அது பாராட்டாகத் தெரியவில்லை. வலியாகத்தான் தெரிந்தது.

கூட்டத்தில் பேசுவதை அவள் ரத்து செய்தாள். காரணம் கேட்டவர்களிடம் கருவி பொருத்தியதில் கோளாறு என்று மட்டும் எழுதினாள். யார் கை என்று எழுதவில்லை. எட்டு மரங்களையும் தானே சுரண்டினாள், தானே திருகினாள். நொலீன் உளியை நீட்டியபோது வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வருடம் முழுக்க நொலீனுக்கு எஃகுப் பட்டிகள் மட்டும்தான். கருவியிருக்கும் மரத்தில்கூடக் கருவிக்கு எதிர்ப்பக்கமாக நின்றுதான் அளப்பாள். எலுமிச்சைக் கேக் நின்றுபோயிற்று. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது.

பொறாமை அதனால் போய்விட்டது என்று நீங்கள் நினைத்தால் நொலீனைத் தெரியாது. சில நாள் டாம்சின் திரையைப் பார்த்துத் தனியாகப் புன்னகைப்பாள். பத்தடி தள்ளி நொலீனின் பென்சில் நின்றுவிடும். ஆனால் ஒன்று செய்தாள். கேள்வி கேட்க ஆரம்பித்தாள். முதலில் என்னிடம், எனக்குத் தெரியாது என்று தெரிந்தே. பிறகு ஒருநாள் டாம்சினிடமே.

"அந்தக் கோடு சாயங்காலத்துல ஒருநாள் வேகமா ஏறுது, ஒருநாள் மெதுவா ஏறுது. ஏன்?"

டாம்சின் கொஞ்சம் யோசித்துவிட்டு டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினாள்.

அடுத்த கோடையில் வெயில் மறுபடி வந்தது, இந்தமுறை இரண்டு நாள். ஒழுங்காகச் சுரண்டிய எட்டு மரங்களும் மற்றவற்றைவிடச் சற்றே அதிகமாகத்தான் இளைத்தன. மூன்று மடங்கெல்லாம் இல்லை. ஆனால் கீழ்ச்சரிவு மரங்கள் இரண்டு நாளில் பழைய பருமனுக்குத் திரும்ப, மேட்டு மரங்களுக்குப் பதினொரு நாள் பிடித்தது. அதை முதலில் கவனித்தது நொலீன். இளைப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் திரும்புவதைப் பார்த்தாள். டாம்சின் அதைக் கட்டுரையாக எழுதினாள். இரண்டாவது பெயர் வேறு யாருடையதோ. நொலீன் மூன்று வாரம் என்னிடம்கூட சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் வருடம் டாம்சினுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. கால்பந்து கிளப்பில் விருந்து வைத்தோம். ஆட்டுக்கறி சுட்டோம், கார்த் செர்ரி கொண்டுவந்தான். டாம்சின் கிளம்பும்போது நொலீனிடம் வந்து, கருவிகளின் சாவிக்கொத்தையும் கடவுச்சொல் எழுதிய தாளையும் கொடுத்தாள்.

"உங்கள மன்னிச்சுட்டேன்னு சொல்லமாட்டேன்," என்றாள். "சொன்னா பொய்யாயிடும். ஆனா வேற யார் கையிலயும் இத குடுக்கமாட்டேன்."

"போதும்," என்றாள் நொலீன். "நானும் உன்ன நெனச்சு சந்தோஷப்படுறேன்னு பொய் சொல்லப் போறதில்ல. கனடாவுல மரம் இன்னும் பெருசாமே."

டாம்சின் சிரித்துவிட்டாள். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது நொலீனுக்கு ஐம்பத்தாறு. காலையில் எழுந்ததும் முதலில் கைபேசியில் கோடுகளைத்தான் பார்க்கிறாள். கார்த் குறைபட்டுக்கொள்கிறான். போன ஜூலையில், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், ஒருநாள் பதினேழாம் மரத்தின் கோட்டில் யாரும் சொல்லித்தராத ஒன்றைக் கண்டாள்: கடுங்குளிர் அடித்த விடியலில், வீங்கியிருக்க வேண்டிய நேரத்தில், மரம் சட்டென்று ஒடுங்கி, வெயில் பட்டதும் விரிந்திருந்தது. பட்டையா என்று நேரில் போய்க் குனிந்து பார்த்தாள். பச்சை. ஈரம். சுத்தம். பக்கத்து மரங்களோடு ஒப்பிட்டாள். பழைய வருடங்களின் குளிர்காலத்தையெல்லாம் புரட்டினாள்.

"டாம்சினுக்குச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொல்லுவேன்," என்றாள். வண்டியின் படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள், மறுபடி அவிழ்த்துக் கட்டினாள். "ஒரு மணி நேரம் எங்கிட்ட மட்டும் இருக்கட்டுமே."

சரியாக ஒரு மணி நேரம் இருந்தாள். பிறகு கனடாவிலிருக்கும் டாம்சினைக் கைபேசியில் அழைத்தாள்.